சப்பான் திறந்த கதவும் சவளகிரிச் சாலையும்

ஓசூரிலிருந்து தளி வழியாகச் செல்லும் சாலை, கேழ்வரகுக் கொல்லைகளையும் பட்டுப்புழுவுக்கு இரையாகும் முசுக்கட்டைத் தோட்டங்களையும் கடந்து, காட்டின் தலைவாயிலில் உள்ள சவளகிரியைச் சென்றடைகின்றது. ஜவளகிரி என்று வடவெழுத்தோடு எழுதப்பெறும் ஊர் இதுதான். கருநாடக எல்லை கூப்பிடு தொலைவில் உள்ளது. பன்னார்கட்டாக் காட்டிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் யானைக் கூட்டங்கள் இவ்வழியேதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றன. யானைகள் எல்லைக் கோட்டை அறியா. ஊரார் நாவிலும் அக்கோடு அத்துணைத் தெளிவாக இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இப்பக்கத்துத் தெருக்களில் ஒன்றோடொன்று தோள் உரசி வழங்குகின்றன. இச்சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் இளைஞரும் இளம்பெண்டிரும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிலகங்களுக்குப் பேருந்து ஏறுகின்றனர். முந்தைய தலைமுறை ஆடு மேய்த்த மேட்டுநிலத்திற்கு அருகே இன்று உந்துருளியும் சரக்குந்தும் கைக்கடிகாரமும் மின்னணுக் கருவிகளும் செய்யப்படுகின்றன.

இவ்வளர்ச்சியைச் சுட்டிக்காட்டிச் சிலர் ஓர் அறிவுரை கூறுவது வழக்கமாகிவிட்டது. “சப்பானைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகள் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது, பிழைத்ததா? அயல் வணிகத்திற்குக் கதவைத் திறந்தது, உலக வல்லரசாயிற்று. தமிழர் மட்டும் ஏன் தாய்மொழி, தாய்மொழி என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும்? ஆங்கிலத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டால், ஓசூர் போல் தமிழ்நாடு முழுதும் ஆகிவிடாதா?” என்பது அவ்வறிவுரை. இதன் முற்பாதியில் உண்மை பாதி. பிற்பாதியில் உண்மையே இல்லை. சப்பானின் வரலாற்றை அரைகுறையாகக் கேட்டவர்களே அதைத் தாய்மொழிக்கு எதிரான சான்றாகக் கொண்டு வருவர். முழுதும் கற்றவர்க்கு அது நேர்மாறான சான்றாகவே நிற்கும்.

முதற்கண், சப்பான் கதவை முற்றும் அடைத்திருந்தது என்பதே சரியன்று. 1603-இல் தொடங்கிய தொக்குகாவா மரபினர் ஆட்சியில், 1630-களில் அயலார் வருகையும் உள்நாட்டார் வெளிச்செலவும் தடுக்கப்பெற்றன என்பது உண்மையே. ஆயினும் நாகசாகித் துறைமுகத்தில், தெசிமா என்னும் செயற்கைத் தீவில், 1641 முதல் ஆலந்து வணிகர்க்கு மட்டும் இடம் தரப்பட்டது. சீன வணிகரும் அத்துறைமுகத்திற்கு வந்து போயினர். 1720-இல் ஆட்சித் தலைவர் யோசிமுனே, கிறித்தவ சமயம் சாராத மேலைநூல்களின் மீதிருந்த தடையைத் தளர்த்தினார். கதவு மூடியே இருந்தது. சாளரம் ஒன்று திறந்தது. அச்சாளரத்தின் வழியே சப்பானியர் முதலில் உள்ளே இழுத்துக்கொண்டது துணியையும் சருக்கரையையும் மட்டுமன்று, அறிவையும்தான்.

1771-இல் எதோ நகரில் (இன்றைய தோக்கியோவில்) கொலைத்தண்டனை பெற்ற ஒருத்தியின் உடல் அறுக்கப்பெற்றபோது, சுகிதா கெம்பாகு, மாயெனோ ரியோதாக்கு முதலான மருத்துவர் சிலர், ஆலந்து மொழியில் அமைந்த உடற்கூற்று நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அருகிருந்து பார்த்தனர். நூலின் படமும் அறுத்த உடலும் ஒத்திருந்தன. அவர்கள் வழிவழியாகக் கற்ற சீன மருத்துவ நூல்கள் கூறியதோ வேறாக இருந்தது. மறுநாளே அந்நூலைத் தம் மொழியில் ஆக்குவதென அமர்ந்தனர். உதவிக்கு அகரமுதலி இல்லை, ஆசிரியரும் இல்லை. ரியோதாக்கு ஒருவர்க்கே அம்மொழியில் சில நூறு சொற்கள் தெரிந்திருந்தன. புருவத்தைப் பற்றிய ஒரு வரியின் பொருள் காண நீண்ட பகற்பொழுது முழுதும் போராடிய கதையைச் சுகிதா தம் முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். 1774-இல் நூல் வெளிவந்தது. சப்பானியர் இன்றும் நரம்புக்கு வழங்கும் ‘சிங்கேய்’ என்னும் சொல் அந்நூலுக்கென ஆக்கப்பெற்றதே. தமிழர்க்கு அத்தொல்லை இருந்ததில்லை. நரம்பு என்னும் சொல்லைச் சங்கத்தார் காலத்திலேயே யாழுக்கும் உடலுக்கும் வைத்திருந்த மொழி தமிழ். ஆயினும் அச்சொல்லைக் கொண்டு மருத்துவம் கற்பிக்க இன்றுவரை துணிவு வரவில்லை என்பது வேறு செய்தி.

அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி நான்கு போர்க்கப்பல்களோடு எதோ விரிகுடாவின் வாயிலுக்கு வந்தது 1853 சூலையில். உடற்கூற்று நூல் வெளிவந்து அதற்குள் எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அஃதாவது, கப்பல் வருமுன்பே சொல் வந்துவிட்டது. கதவைத் திறந்ததால் சப்பான் அறிவு பெற்றது என்பார் இவ்வெழுபத்தொன்பது ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

கதவு திறந்த முறையும் பெருமைக்குரியதன்று. 1854-இல் பீரங்கி வாய்முன் ஒரு நட்புடன்படிக்கை கையெழுத்தாகிச் சிமோதா, அக்கோதாத்தே என்னும் இரு துறைகள் திறக்கப்பட்டன. 1858-இல் ஆரிசு என்னும் அமெரிக்கத் தூதர் வணிக உடன்படிக்கையைப் பெற்றார். ஐரோப்பிய நாடுகளும் அவ்வாறே பெற்றன. சப்பானிய மண்ணில் குற்றம் செய்யும் வெள்ளையரைச் சப்பானிய முறைமன்றம் உசாவ இயலாது. இறக்குமதிச் சுங்கத்தைச் சப்பான் தன் விருப்பப்படி உயர்த்தவும் இயலாது. 1866-இல் அச்சுங்கம் பெரும்பாலும் ஐந்து விழுக்காடு என்று கட்டப்பட்டது. இந்த இழிவு நீங்கச் சப்பானுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அயலார்க்கெனத் தனி முறைமன்றம் 1899-இல் ஒழிந்தது. சுங்க உரிமை முழுதும் மீண்டது 1911-இல். எனவே, ‘கதவைத் திறந்தால் வளம் கொட்டும்’ என்பதைச் சப்பானியர் எவரும் அன்று நம்பவில்லை. உடைக்கப்பட்ட கதவுக்குள் வீட்டை எங்ஙனம் காப்பது என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

அக்கவலையிலிருந்தே நிலக்கிழமை ஆட்சி ஒழிந்தது. நாடு ஏறத்தாழ இருநூற்றறுபது தைமியோக்களின் (பெருநிலக் கிழார்களின்) ஆட்சிப் பகுதிகளாகச் சிதறிக் கிடந்தது. 1868-இல் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து, மெய்சிப் பேரரசர் பெயரால் புதிய அரசு அமைந்தது. அவ்வாண்டு வெளியிட்ட ஐந்து உறுதிமொழிகளுள் கடைசி, உலகெங்கும் சென்று அறிவு தேடப்பெறும் என்பது. 1869-இல் சத்சுமா, சோசு முதலிய நான்கு பகுதிகளின் கிழார்கள் தம் நிலப்பதிவேடுகளைப் பேரரசரிடம் ஒப்படைத்தனர். 1871-இல் எல்லாப் பகுதிகளும் ஒரேயடியாக ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாயின. 1876-இல் சாமுராய் மறவரின் வழிவழி மானியம் கடன்பத்திரமாக மாற்றப்பட்டது; இடையில் வாள் அணியும் உரிமையும் பறிபோயிற்று. பறிகொடுத்தோர் வாளாவிருக்கவில்லை. 1877-இல் சத்சுமாவில், புதிய அரசை நிறுவியவருள் ஒருவரான சைகோ தாக்கமோரியே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி மாய்ந்தார். தங்கள் வகுப்பின் உரிமையைத் தாங்களே வெட்டி எறிந்த ஆளும் வகுப்பார் உலக வரலாற்றில் அருகியே காணப்படுவர்.

இதனை ஓசூர் வட்டாரத்தோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். இங்கும் நிலக்கிழார் இருந்தனர். பாகலூர், பேரிகை, சூளகிரி முதலிய பாளையங்கள் இப்பகுதியிலேயே அமைந்தவை. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகள் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தன. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அவர்கள்பாற் சேர்ந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவர்க்குத் துணையாயிருந்த தாமசு மன்றோவும் நிலத்தை அளந்து, உழவன் ஒவ்வொருவனிடமும் நேரே பணமாக வரி தண்டும் முறைக்கு இப்பாராமகால் மண்ணிலேதான் அடிகோலினர். இரயத்துவாரி என்று பின்னர்த் தென்னாடெங்கும் பரவியது அதுவே. சப்பான் 1873-இல் கொண்டுவந்த நிலவரிச் சீர்திருத்தமும் ஏறத்தாழ இத்தகையதே: நிலம் மதிப்பிடப்பட்டது, பட்டா தரப்பட்டது, மதிப்பில் மூன்று விழுக்காடு பணமாகத் தண்டப்பட்டது. இடைநின்ற கிழானை நீக்கிக் குடியானவனை அரசுக்கு நேரே கட்டிய வகையில் இரண்டும் ஒருசாலை மாணாக்கரே. பாராமகால் எண்பது ஆண்டு மூத்தது என்றும் சொல்லலாம்.

மூத்ததற்கு என்ன கிடைத்தது? சப்பானிய உழவர் 1876-இல் வரிச்சுமை தாங்காது மியே, இபராக்கி முதலிய பகுதிகளில் கிளர்ந்தெழுந்தனர். அரசு அஞ்சியது, 1877-இன் தொடக்கத்தில் வரியை இரண்டரை விழுக்காடாகக் குறைத்தது. அதே 1876-இல் தென்னாட்டில் தாது ஆண்டுப் பஞ்சம் தொடங்கியது. ஓசூர் அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1871 கணக்கைவிட 1881 கணக்கில் பெரிதும் குறைந்து காணப்பட்டது. அங்கே தண்டிய வரி பள்ளியாகவும் படையாகவும் பட்டாலையாகவும் திரும்பியது. இங்கே தண்டிய வரியில் பெரும்பங்கு படைச்செலவாகவும் இங்கிலாந்துக்குச் செலுத்தும் தொகையாகவும் போயிற்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இட்ட குற்றகலத் தொடர்வண்டிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது; 1941-இல், போரின் நடுவே, மூடப்பட்டது. தண்டவாளம் இட்டவனும் எடுத்தவனும் வேறெங்கோ இருந்தான். ஓசூர்க்காரனுக்கு இரண்டும் மழையும் வெயிலும் போல் வந்து போயின.

அடிமைத்தனமே கரணியம் என்று இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எல்லார்க்கும் வசதியாக இருக்கும். ஆனால், 1947-க்குப் பின் அக்கரணியம் செல்லாது. ஆகவே, சப்பானியர் கைக்கொண்டு தமிழர் கைவிட்ட மற்றொன்றைத் தேடியாக வேண்டும்.

சப்பானிலும் ஆங்கிலத்தை நாட்டுமொழி ஆக்கலாம் என்று கூறியவர் இருந்தார். அவர் பெயர் மோரி அரினோரி. அமெரிக்காவில் சப்பானின் தூதாக இருந்தவர். பின்னாளில், 1885-இல், கல்வியமைச்சரானவர். 1870-களின் தொடக்கத்தில், சப்பானிய மொழி புதுமைக் காலத்திற்குப் போதாதென்று கருதி, ஆங்கிலத்தை மேற்கொள்வது பற்றி அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். விட்னி உடன்படவில்லை. அதைவிடச் சுவையான மறுப்பு ஒரு சப்பானியரிடமிருந்தே வந்தது. இலண்டனில் படித்துக்கொண்டிருந்த பாபா தாத்சுயி என்னும் இளைஞர், 1873-இல் சப்பானிய மொழிக்கு இலக்கண நூலொன்று எழுதி, அதன் முன்னுரையில் மோரியை மறுத்தார். ஓய்வும் பொருளும் உடையோரே ஆங்கிலம் கற்பர். உழைப்போர்க்கு அது வாய்க்காது. நாட்டின் பெருஞ்செய்திகளிலிருந்து எளியோர் முற்றும் விலக்கப்படுவர் என்பது அவர் வாதம். மறுப்பை அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. யாரை மறுக்க வேண்டுமோ அவர்க்குப் புரியும் மொழியில் எழுதினார்.

சப்பான் பாபாவின் வழியைத் தேர்ந்தது. தேர்ந்ததென்றால் ஒரே நாளில் அன்று. 1873-இல் தொடங்கிய தோக்கியோப் பொறியியற் கல்லூரியில் என்றி தயர் என்னும் காத்துலாந்தியர் தலைமையில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. 1877-இல் அமைந்த தோக்கியோப் பல்கலைக்கழகத்திலும் தொடக்கத்தில் அயல்நாட்டாரே பெரும்பான்மை. அவர்களுள் சிலர்க்கு அமைச்சர்களுக்கு இணையான ஊதியம் தரப்பட்டது. ஆனால், அவர்கள் அமர்த்தப்பட்டதே தங்கள் இடத்தைக் காலி செய்வதற்காக. ஒரு தலைமுறைக்குள் மாணவர் ஆசிரியராயினர். பாடம் சப்பானிய மொழிக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் நிசி அமானே, புக்குசாவா யுக்கிச்சி போன்றோர் மெய்யியலுக்கும் அரசியலுக்கும் பொருளியலுக்கும் வேண்டிய சொற்களை ஆக்கிக் குவித்தனர். புக்குசாவா 1859-இல் யோக்கோகாமாவுக்குப் போய், தாம் பல்லாண்டு வருந்திக் கற்ற ஆலந்து மொழி அங்கே யார்க்கும் விளங்காமை கண்டு நொந்து, உடனே ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர். அயல்மொழியைக் கற்பதில் அவர்க்கு வெட்கமில்லை. கற்றதைத் தம் மக்களுக்குத் தம் மொழியில் தராமற் போவதே அவர்க்கு வெட்கமாக இருந்தது.

இங்கே தூயதமிழ் அன்பர் ஒருவர் இடைமறிக்கக் கூடும்: அவர்கள் ஆக்கிய சொற்கள் சீன எழுத்தாலும் சீன வேர்களாலும் ஆனவை அல்லவா? ஆம். சப்பானியர் தூய சப்பானியச் சொல் ஆக்கியவரல்லர். கடன் வாங்கிய வேரைக் கொண்டு அவர்கள் கட்டிய சொற்கள் பல, பின்னர்ச் சீனத்திற்கே திரும்பிச் சென்று வழங்கலாயின. கடன்பட்டவனே கடன் கொடுத்தவனுக்குக் கடன் தந்தான். தன் வேரே உடைய தமிழன், ‘சொல் இல்லையே’ என்று கைபிசைவதை இதனோடு வைத்துப் பார்த்தால் நகைப்புத்தான் வருகின்றது.

தொமியோக்காப் பட்டாலையின் கதை சவளகிரிக்கு இன்னும் நெருக்கமானது. யோக்கோகாமாத் துறை 1859-இல் திறந்ததும் சப்பானியப் பட்டு நூலுக்கு ஐரோப்பாவில் பெருந்தேவை எழுந்தது. அங்கே பட்டுப்புழுக்களை நோய் வாட்டிய காலம் அது. கையால் நூற்ற நூல் சீராக இல்லை என்ற குறை வந்தது. அரசு 1872-இல் பால் புருனா என்னும் பிரெஞ்சுக்காரரை அமர்த்தி, தொமியோக்காவில் நீராவி ஆலை ஒன்றை நிறுவியது. வேலைக்குப் பெண்கள் வரவில்லை. பிரெஞ்சுக்காரர் செந்நிறத் தேறல் பருகுவதைக் கண்டு, அவர்கள் பெண்களின் குருதியைக் குடிப்பர் என்று ஊரில் பேச்சுப் பரவியிருந்தது. ஆலைத்தலைவர் ஒதாக்கா தம் மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். பின்னர்ச் சாமுராய்க் குடிப்பெண்கள் பல பகுதிகளிலிருந்தும் வந்தனர். அவர்கள் கூலிக்கு மட்டும் வரவில்லை. கற்று, ஊர் திரும்பி, அங்கே எழும் ஆலைகளில் கற்பிக்க வந்தனர். வாதா எய் என்பவர் அவ்வாறு 1874-இல் தம் ஊராகிய மத்சுசிரோவுக்குத் திரும்பி அங்கே எழுந்த ஆலையில் மற்றப் பெண்களுக்குக் கற்பித்து, தம் பட்டறிவைப் பின்னாளில் எழுதியும் வைத்தார். புருனா ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நாடு திரும்பினார். 1909-இல் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் சப்பான் சீனத்தை முந்தியது. ஓசூரில் வேலை பார்க்கும் சவளகிரிப் பக்கத்துப் பெண், தான் கற்றதை எந்த ஊருக்குத் திரும்பி, எந்த மொழியில், யார்க்குக் கற்பிக்கின்றாள் என்ற கேள்வியை இங்கே கேட்டு வைப்பது தவறாகாது.

தமிழர் இவ்வழியை அறியாதவரல்லர் என்பதே வருத்தம். பெரியின் கப்பல்கள் சப்பானை மிரட்டிய அதே 1850-களில், மற்றோர் அமெரிக்கர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமர்ந்து மேலை மருத்துவத்தைத் தமிழாக்கிக் கொண்டிருந்தார். அவர் சாமுவேல் கிறீன். 1847-இல் வந்தவர், தமிழ் கற்று, உடற்கூறு முதற்கொண்டு அறுவை மருத்துவம் வரை நூல்கள் வெளியிட்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். சுகிதா அகரமுதலியின்றிப் பட்ட பாட்டை இவர் தமிழுக்காகப் பட்டார் எனலாம். ஆனால், அவர் 1873-இல் நாடு திரும்பிய பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. அரசுப் பணிக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது; தமிழில் கற்றவனுக்குச் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. சொல் இல்லாமையால் அம்முயற்சி வீழவில்லை. சொல்லுக்குச் சோறு இல்லாமையால் வீழ்ந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலிலும் பொறிமுறையியலிலும் தொடங்கிய தமிழ்வழிப் பொறியியற் படிப்புக்கும் இதே நோய்தான். பாடநூல் எழுதிவிடலாம், முடித்தவனை எந்த ஆலை தமிழில் நேர்காணும் என்பதற்கு விடை வேண்டும்.

அவ்விடையை ஓசூர் தந்திருக்க முடியும். தமிழ்நாட்டரசு 1971-இல் நிறுவிய சிப்காட்டு நிறுவனம், அப்பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில்வளாகம் அமைத்தது. மழை குறைந்த, பின்தங்கிய பகுதிக்கென அளித்த சலுகைகளும், பெங்களூரின் அண்மையும் சேர்ந்து ஆலைகளை ஈர்த்தன. 1980-இல் அசோக் லேலண்டின் சரக்குந்து ஆலை எழுந்தது. அவ்வாண்டிலேயே டி.வி.எசு. குழுமத்தார் ஓசூரிலிருந்து சிற்றுந்துருளி ஒன்றை வெளியிட்டனர். தமிழ்நாட்டரசின் தொழில்வளர்ச்சிக் கழகமும் தாத்தா குழுமமும் 1984-இல் கூட்டாக நிறுவிய டைட்டன் நிறுவனம் கைக்கடிகாரம் செய்ய இவ்வூரையே தேர்ந்தது.

இவற்றுள் டி.வி.எசு. கதையில் சப்பானின் சாயல் நேராகவே விழுகின்றது. 1982-இல் அந்நிறுவனம் சப்பானின் சுசூகியோடு உடன்பாடு செய்தது. 1984-இல் நூறு பருமச்செறிவுள்ள உந்துருளி ஓசூரிலிருந்து வெளிவந்தது. வடிவும் நுட்பமும் சுசூகியினுடையவை. இருபதாண்டு நெருங்கிய பின் 2001-இல் இருவரும் பிரிந்தனர். அவ்வாண்டே ஓசூர்ப் பொறிஞர் தாமே வடித்த ‘விக்டர்’ என்னும் வண்டி வெளிவந்தது. 2002-இல் சப்பானின் தெமிங் பரிசு அந்நிறுவனத்திற்குக் கிடைத்தது. அயலானை அழைத்தல், கற்றல், வழியனுப்புதல், தானே செய்தல் என்னும் தொமியோக்கா முறை இருபதாம் நூற்றாண்டில் ஓசூரில் மாழையாகவும் எண்ணெயாகவும் மறுபடி நடந்தது. ஓசூரானுக்கு அறிவில் குறை என்று எவனும் இனிச் சொல்ல முடியாது.

அந்தத் தெமிங் பரிசின் பின்னணியை அறிந்தால்தான் குறை எங்கே உள்ளதென விளங்கும். எட்வர்டு தெமிங் அமெரிக்கர். போரில் தோற்று நொறுங்கிக் கிடந்த சப்பானுக்கு 1950-இல் சென்று, பொருளின் தரத்தைப் புள்ளியியலால் காக்கும் முறையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சப்பானியர் அச்சொற்பொழிவுகளை உடனே தம் மொழியில் நூலாக்கி விற்றனர். தெமிங் தமக்குரிய பங்கை வேண்டாவென்று விட்டுக்கொடுக்க, அப்பணத்தை முதலாகக் கொண்டு 1951-இல் பரிசு நிறுவப்பட்டது. 1962-இல் இசிக்காவா கவோரு முதலியோர், தொழிற்களத் தலைவர்களுக்கென்றே மலிவு விலையில் ஓர் இதழ் தொடங்கினர். ‘கெம்பா’ என்பது வேலை நடக்கும் இடத்துக்குச் சப்பானியச் சொல். இதழின் பெயரே அதில் தொடங்கியது. அவ்விதழைச் சேர்ந்து படிக்கக் கூடிய தொழிலாளர் குழுக்களே பின்னர் உலகெங்கும் பேசப்பட்ட தரவட்டங்கள். பொறியில் எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்தவன், அதன் கரணியத்தைத் தன் மொழியில் படித்து, தன் மொழியில் எழுதிக் காட்டினான். சப்பானிய உந்துருளி உலகை வென்றது இவ்வாறுதான்.

அம்முறைகள் ஓசூருக்கும் வந்தன. ‘கைசன்’ என்றும் ‘ஐந்து எசு’ என்றும் இன்று தொழிலாளர் பலர்க்கும் தெரியும். அவ்வைந்தும் சப்பானில் வீட்டுப்பெண் வழங்கும் எளிய சொற்கள்: வேண்டாததைக் களைதல், உரிய இடத்தில் வைத்தல், பெருக்கித் துடைத்தல், அத்தூய்மையை நிலைநிறுத்தல், பழக்கமாக்கல். சவளகிரிப் பாட்டி ஒருத்தி தன் பேத்திக்குக் களஞ்சிய அறையில் சொல்வதும் இதுவே. ஆனால், சப்பானில் எளியவன் சொல்லாய்ப் பிறந்தது ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்து, ஓசூரில் பயிற்சி வகுப்பின் அயற்சொல்லாய் நிற்கின்றது. ஓசூர்த் தொழிலாளிக்கென, அவன் பொறியைப் பற்றி, அவன் விலைக்கு ஏற்ப, தமிழில் ஒரு கெம்பா இதழ் வேண்டும். பொறியின் கையேடு தமிழில் வேண்டும். பட்டயப் படிப்பில் தமிழில் தேர்ந்தவனைத் தமிழிலேயே நேர்காண வேண்டும் என்று, சலுகை விலையில் நிலமும் மின்சாரமும் தரும் அரசு ஆலைகளிடம் கேட்க வேண்டும். தொமியோக்காவுக்கு முதலீடு தந்த அரசு கேட்டதைவிட இது பெரிதன்று. மொழிக்காகப் பாடுபடுவோர் பேரணிக்கும் பெயர்ப்பலகைக்கும் செலவிடும் உழைப்பில் நாலில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால் நிலைமை சற்று மாறியிருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சப்பானைப் புகழ்வதோடு நிற்பது நேர்மையாகாது. அதே பட்டாலைகளும் பஞ்சாலைகளும் பின்னாளில் உழவர் வீட்டுச் சிறுமியரை முன்பணத்திற்குக் கட்டி வேலை வாங்கின. காசநோய் பெற்று ஊர் திரும்பினோர் பலர். ஆசியோச் செம்புச் சுரங்கத்தின் நஞ்சு வத்தராசே ஆற்று வயல்களைக் கெடுத்தது. உழவர்க்காகப் போராடிய தனக்கா சோசோ, 1901-இல் பேரரசரின் வண்டியை மறித்து முறையீடு நீட்ட வேண்டியிருந்தது. தொழில்வளாகங்களின் கழிவுநீர் போகும் இடத்தைப் பற்றிக் கேட்க விரும்பும் ஓசூர் உழவர் இப்பெயரை அறிந்து வைத்திருத்தல் நன்று.

தனித்தமிழ் அன்பர்க்கு அதனினும் நெருடலான ஒன்று உண்டு. தன் மொழியைக் காத்துக்கொண்ட சப்பான், பிறர் மொழியைக் காக்க விடவில்லை. 1879-இல் இரியூக்கியூத் தீவுகளைத் தன்னோடு சேர்த்தது. அங்கே தாய்மொழி பேசிய பள்ளிப்பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை தொங்கவிடப்பட்டது. வடக்கே ஐனு மக்களின் மொழி நசுக்கப்பட்டது. 1910-இல் கொரியாவை விழுங்கியது; 1930-களின் இறுதியில் கொரியப் பள்ளிகளில் கொரிய மொழிப் பாடமே அருகி மறைந்தது; மக்கள் தம் குடிப்பெயரைச் சப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். மோரியை மறுத்த பாபாவின் வாதம் கொரியச் சிறுவனுக்கும் பொருந்தும் என்பதைத் தோக்கியோவில் ஆட்சியிலிருந்தோர் நினைக்கவில்லை.

சவளகிரியில் இச்செய்தி ஏட்டுச் செய்தியன்று. இங்கே தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகள், தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வருகின்றனர். அவர்கள் தமிழ் கற்கவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. அது அவர்கள் வாழும் நாட்டின் மொழி. ஆனால், அவர்கள் வீட்டுமொழியைக் குறைபேசியோ, அதைக் கற்கும் வாய்ப்பைச் சுருக்கியோ தமிழை வளர்க்கலாம் என்று கருதுவோர், இந்தியை எதிர்த்தபோது பேசிய பேச்சையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ள நேரும். ஓசூர்ப் பொறியின் கையேடு தமிழில் இருந்து, அதைப் படித்தவனுக்கு மேல்வேலை கிடைக்குமாயின், கன்னட வீட்டுப்பிள்ளையும் தமிழைத் தேடி வரும். அதற்கு ஆணை வேண்டுவதில்லை.

இவ்விரு வழிகளையும் ஒருவரே நடந்து காட்டியிருக்கின்றார் என்பதும், அவர் இவ்வோசூர் மண்ணிலேயே பிறந்தவர் என்பதும் விந்தை. ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார், சென்னை மாகாணத் தலைமை அமைச்சராக இருந்து 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதைத் தமிழர் எவரும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டா. அதே மனிதர் 1916-இல், மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஆண்டில், சேலத்தில் நண்பர்களோடு கூடி, வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் தமிழில் கலைச்சொல் ஆக்குவதற்கென்று ஒரு கழகம் நிறுவி, அதற்கென இதழும் வெளியிட்டார். அச்சொற்களில் வடசொல் மிகுதி என்ற குறை உண்டு. எனினும், ஓசூர்த் தொழில்வளாகத்தின் முதல் ஆலை எழுமுன் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலேயே, அவ்வாலைக்கு வேண்டிய சொல்லை ஆக்கும் வேலை அதே மாவட்டத்தில் தொடங்கப்பட்டிருந்தது. 1938-இன் ஆணைக்கு எதிராகச் சிறை சென்றோர் பட்டியல் கிடைக்கின்றது. 1916-இன் சொற்பட்டியலை ஓசூர் ஆலை எதிலும் பிரித்துப் பார்த்தவர் இல்லை.